காணாத வெப்பம்



கொல்லன் பட்டறையில் கறுப்பாய்க் கிடக்கும் இரும்பைத் தொட எவரும் துணியார். ஏறக்குறைய 525 பாகை சென்டிகிரேடு சூடேறிய பிறகே இரும்பு இருட்டில் மங்கலாகச் சிவக்கத் தொடங்கும். அதற்கு முன்னரே அது கையைச் சுட்டுவிடும். கண்ணுக்குப் புலப்படாத கிரணங்களாய் அதன் உஷ்ணம் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கிறது. நம் திருவண்ணாமலையில், சித்திரை வெயில் மறைந்த பின்னும், மலைப்பாறையின் அனல் வழிநடப்போர்மேல் வீசுகிறதல்லவா? அதுவும் இவ்விதமே.

1800-ம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்பார் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில் உஷ்ணமானியை வைத்தார். அங்கும் சூடு ஏறிற்று. 1860-களில் ஜான் டிண்டால் என்னும் விஞ்ஞானி இன்னும் ஒரு படி சென்றார். மின்விளக்கின் ஒளியை அயோடின் கரைசலால் தடுத்து, காணாத உஷ்ணக் கிரணங்களை மட்டும் கடக்கவிட்டு, குழியாடியின் துணையால் ஒரே புள்ளியில் குவித்தார். அவ்விடத்தில் கண்ணுக்கு இருளே தோன்றியது. அங்கே பிளாட்டினத் தகடு ஒன்றை வைத்தார். அது செக்கச் சிவந்து ஒளிர்ந்தது!

இப்போது ஒரு கேள்வி: வெளியே தெரியாத அன்பு அன்பாகுமா?

"பிள்ளைகள்மேல் எனக்குப் பாசம் இல்லையா? வாய்விட்டுச் சொன்னால்தானா?" என்று கேட்கும் தகப்பனார் பலர். அவர்கள் சொல்வது பொய்யன்று. கறுத்த இரும்பின் சூடு மெய்யானதுபோல் அவர்கள் பாசமும் மெய்யே. ஆதலால் ஒளி காணோம் என்பதற்காக உள்ளே அனல் இல்லையென்று தீர்ப்பிடலாகாது.

ஆயினும் பிள்ளை இருளிலேயே இருக்கிறது! டிண்டால் புதிய நெருப்பு எதையும் மூட்டவில்லை. சிதறிக் கிடந்த உஷ்ணத்தை ஒன்றின்மீது சேர்த்தார், அவ்வளவே. நம் அன்பும் அப்படித்தான். குடும்பத்திற்காக உழைக்கிறேன், ஊரார் எல்லாருக்கும் நல்லவன் என்று பரவி நிற்கும் அன்பு, ஒருவரிடத்தில் குவியும்போதே கண்ணுக்குத் தெரியும். மகனருகே அரைமணி நேரம் உட்கார்ந்து அவன் சொல்வதைக் கேட்பது, நோயுற்ற மாமியாரின் கையைப் பற்றிக்கொள்வது, இவையே அந்தக் குழியாடி.

"அப்படியானால் இது வெளிவேஷமாகாதா?" என்பீர்கள். ஆகாது. அந்தப் பரிசோதனையில் ஒளிர்ந்தது எது? விளக்கு கடைசிவரை மறைந்தே இருந்தது, தகடுதான் ஒளிர்ந்தது. தன்னைக் காட்டிக்கொள்பவன் தன் முகத்தில் வெளிச்சம் தேடுகிறான். அன்பு செய்பவனோ அதைப் பிறர் முகத்தில் காண்கிறான்.

இவ்வாரம் உங்கள் வீட்டில் எவர் முகம் இருண்டிருக்கிறது என்று சற்றுப் பாருங்கள்.