உழுதவன் கணக்கு

‘காலனி’ என்றதும் நமக்குக் கப்பல், பீரங்கி, வைஸ்ராய் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். அந்தச் சொல்லின் வேரில் இருப்பதோ ஏர். லத்தீனில் ‘கோலெரே’ என்றால் உழுதல், பேணுதல், ஓரிடத்தில் வாழ்தல். தெய்வத்தை வழிபடுதல் என்றும் பொருள் உண்டு. நிலத்தை உழுது வாழும் குடியானவர் ‘கோலோனுஸ்’. அப்படிப்பட்டவர்கள் குடியமர்ந்த இடம் ‘கோலோனியா’. கல்ச்சர், அக்ரிகல்ச்சர் எல்லாம் இதே வேரில் கிளைத்தவைதான்.

இவ்வளவு சாதுவான சொல் பிற்காலத்தில் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம். ஆனால் ரோமர் காலத்திலேயே சிக்கல் இருந்தது. ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு நிலம் கொடுத்து ரோம் உண்டாக்கிய ஊர்கள் கோலோனியா எனப்பட்டன. அந்த நிலம் யாருடையது? இங்கிலாந்தின் கோல்செஸ்டர் கி.பி. 49 வாக்கில் அப்படி உருவான ஊர். அங்கே குடியேறிய வீரர்கள் ட்ரினோவான்டீஸ் மக்களை வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும் துரத்தினார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸே எழுதியிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு வருடங்களில் பூடிக்கா தலைமையில் கிளர்ச்சி வெடித்தபோது முதலில் எரிந்தது அந்த ஊர்தான்.

ஒருகாலத்தில் காலனியாக இருந்த அந்த நாடுதான் பிறகு உலகமெங்கும் காலனி அமைத்தது. அதற்கு ஒரு நியாயமும் தேவைப்பட்டது. ஜான் லாக் 1689இல் வெளியான தன் நூலில், ஒருவர் தன் உழைப்பைக் கலந்து பண்படுத்திய நிலம் அவருக்கே சொந்தம் என்று வாதிட்டார். கேட்க நம்ம ஊர் ‘உழுபவனுக்கே நிலம்’ மாதிரியே இருக்கிறது, இல்லையா? ஆனால் லாக் கரோலினா காலனியின் உரிமையாளர்களுக்குச் செயலாளராக இருந்தவர். அமெரிக்க நிலம் அவர் பார்வையில் பெரும்பாலும் பண்படாத காடு. 1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் இறங்கிய ஆங்கிலேயர்கள் ஆரம்ப வருடங்களில் பசியாறியதே பவ்ஹாட்டன் மக்கள் விளைவித்த மக்காச்சோளத்தை வாங்கியும் பறித்தும்தான். ஏர் பூட்டாமல், வேலி போடாமல், பெண்கள் கையால் கொத்திச் செய்த அந்த விவசாயம் உழவுக் கணக்கில் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. என் வேலையாள் வெட்டியெடுத்த மண்கட்டியும் என் சொத்துதான் என்கிறார் லாக், அதே அத்தியாயத்தில். அதாவது உழைப்பு உரிமை தரும். ஆனால் யாருடைய கை என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில் எனக்கு நம்ம ஊர் ‘காலனி’ ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்தச் சொல்லுக்கு ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும் தலித் குடியிருப்பு என்று பொருள். காவிரிப் படுகையில் தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் இறங்கி நட்டவர்கள், அறுத்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் கிடையாது. உழைப்பைக் கலந்தவருக்கே நிலம் என்றால் அந்த வயல்கள் அவர்களுடையவை. வேலையாளின் உழைப்பு எஜமானுடையது என்ற விதிதான் இங்கேயும் நடந்தது; அதற்கு லாக்கைப் படித்திருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். செய்ய வேண்டியதுதான், வசையாகிப்போன சொல்லை யாரும் முகவரியில் சுமக்கத் தேவையில்லை. ஆனால் ரோமில் அந்தச் சொல் நிலம் பெற்றவரைக் குறித்தது என்பதை நினைத்துப் பார்த்தால், திருத்த வேண்டிய ஆவணங்களில் பட்டாவும் ஒன்று என்று தோன்றுகிறது.