பொதுச் சுவரைச் செப்பனிட்ட செலவு யாருடையது?

ஜவ்வாது மலையடிவாரத்து வாணியம்பாடி, ஆம்பூர் போன்ற ஊர்களின் பழைய மஹல்லாக்களில் ஒட்டிக்கட்டிய வீடுகள் பல. ஒரே சுவரின் இருபுறமும் இரு குடும்பங்கள். இரு வீட்டு உத்திரங்களும் அதன்மேல்தான். பாகப்பிரிவினையில் கீழ்வீடு அண்ணனுக்கும் மாடி தம்பிக்கும் போனதுண்டு. இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகிவிட்டன. மழையில் சுவர் ஊறித் தளம் ஒழுகத் தொடங்கியதும் எங்கும் எழுவது ஒரே வழக்குத்தான். ஒருவர் கைப்பணம் போட்டுச் செப்பனிடுகிறார். மற்றவரோ, "நான் செய்யச் சொன்னேனா?" என்கிறார்.

இதை வெறும் வீம்பு என்று தள்ளிவிட முடியாது. ஃபிக்ஹும் இதைத்தான் முதலில் கேட்கிறது. உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபையொட்டித் தொகுக்கப்பட்ட 'மஜல்லா', கூட்டுச் சொத்தைப் பங்காளிகள் தத்தம் பங்கின் அளவுக்குச் சேர்ந்து செப்பனிட வேண்டும் என்கிறது. பங்காளியின் அனுமதியோடு செலவழித்தவர் அவருடைய பங்கைக் கேட்டு வாங்கலாம். அனுமதியின்றித் தாமாகவே செய்தால் அது உபகாரம்; திருப்பிக் கேட்க முடியாது. செலவழித்தவருக்கு இது கசக்கத்தான் செய்யும். ஆனால், கேளாமலே சலவைக்கல் பதித்துவிட்டு, பாதிப் பணத்தைக் கொடு என்று நம்மிடம் ஒருவர் வந்து நின்றால் நாம் ஒப்புவோமா?

அப்படியானால் பிடிவாதமாக மறுப்பவரை என்ன செய்வது? கீழ்வீடு இடிந்து, அதன் சொந்தக்காரர் கட்ட மறுத்தால், மாடிக்காரர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று இரண்டையும் கட்டலாம். கீழ்வீட்டுக்காரர் தம் பங்கைச் செலுத்தும்வரை அவரை அங்கே புழங்கவிடாமல் தடுக்கலாம் என்கிறது அதே மஜல்லா. அனுமதி பெற்று என்பதைக் கவனிக்க வேண்டும். கோபத்தில் தண்ணீர்க் குழாயை அடைக்கிறவருக்கு இதில் ஆதாரமில்லை.

கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ வாசகர்களுக்கு மஸ்அலா வேறு. பொதுச் சுவரைக் கட்டும்படி பங்காளியை நிர்ப்பந்திக்கலாம் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பழைய சொல். எகிப்தில் அவர்கள் உரைத்த புதிய சொல்லில் நிர்ப்பந்தம் இல்லை. விழுந்த சுவரை ஒருவர் தம் சொந்தப் பொருளால் எழுப்பினால், எழுப்பியது அவருக்கே சொந்தம்.

நிர்ப்பந்தம் இல்லையென்றால் பொறுப்பும் இல்லையா? கப்பலின் கீழ்த்தட்டில் இருந்தவர்கள் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியில் துளையிட நினைத்ததையும், மேல்தட்டார் அவர்களைத் தடுக்காவிட்டால் இரு சாராரும் அழிவார்கள் என்பதையும் நபி (ஸல்) அவர்கள் உவமையாக அருளினார்கள். புகாரியில் பதிவான இந்த ஹதீஸ் அடுக்குமாடிக்காரர்களுக்கென்றே வந்ததுபோல் இருக்கிறது! அண்டைவீட்டார் நம் சுவரில் மரக்கட்டை பதிப்பதைத் தடுக்கலாகாது என்பதும் நபிமொழியே. அதே சுவரில் தம் உத்திரத்தை வைத்துக்கொண்டு, அது விழாமல் காத்தவருக்குக் காசு கொடுக்க மறுப்பவர் அந்த மார்க்கத்தில் எங்கே நிற்கிறார்? வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்றும் அண்ணல் அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

ஆகவே வேலை தொடங்குமுன் மதிப்பீட்டை அண்டைவீட்டாரிடம் காட்டி, இருவர் முன்னிலையில் சம்மதம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கடனை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகரா 282-ஆம் வசனம் வியாபாரிகளுக்கு மட்டும் இறங்கியதல்ல. மறுத்தால் அந்த மறுப்பையும் குறித்துக்கொண்டு, ஜமாஅத் பெரியவர்களிடம் முறையிடலாம்.

நாட்டுச் சட்டம் சற்று இளகியது. இலவசமாக என்று கருதாமல் ஒருவர் முறைப்படி செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால், அவர் ஈடு தரவேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 70-ஆவது பிரிவு. ஆயினும் காலக்கெடு உண்டு. பொதுவாக மூன்று ஆண்டுகள். வழக்கென்று அலைய மனமில்லாதோர் லோக் அதாலத்தை நாடலாம். அங்கே கட்டணமில்லை, எட்டப்படும் சமரசம் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

இத்தனையும் கொடுக்க முடிந்தும் கொடாதவரைப் பற்றியது. சுவருக்கு அப்பால் இருப்பவர் கூலிவேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் கைம்பெண்ணாக இருந்தால், நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்லும் அல்பகரா 280-ஆம் வசனம்தான் பேசும். அவருடைய பங்கைக் கடனாக எழுதிக்கொண்டு, மாதத்துக்கு நூறு ரூபாய் வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். அவர் வீட்டை விற்கும் நாளில் மீதியைப் பெற்றுக்கொள்வதென்றும் அவரோடு பேசி முடித்துக்கொள்ளலாம்.