நிறுத்திய தொழிலாளியைத் திரும்ப அழைப்பது: உபகாரமா, கடமையா?



போன வாரம் அஸருக்குப் பிறகு ஒரு சகோதரர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். வேலை இல்லாத மாதங்களில் ஏழு பேரை நிறுத்தியிருக்கிறார். இப்போது ஆர்டர் வந்துவிட்டது. "ஹஜ்ரத், குறைந்த கூலிக்குப் புது ஆட்கள் கிடைக்கிறார்கள். பழைய ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று மார்க்கத்தில் இருக்கிறதா?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் முதலாளியின் பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். வேலையே இல்லாதபோது ஆளை நிறுத்துவது பாவமல்ல. கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்துத் தொழிலையே மூழ்கடிக்கச் சொல்லி ஷரீஅத் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஃபிக்ஹில் 'இஜாரா' பாடத்தை ஓதியவர்களுக்குத் தெரியும்: தவணை முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்தது. மூஸா (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்குச் சேர்ந்தபோது எட்டு ஆண்டுகள் என்றும், விரும்பினால் பத்து என்றும் தெளிவாகப் பேசப்பட்டதை சூரத்துல் கஸஸில் பார்க்கிறோம்.

நம் பட்டறைகளில் தவணை பேசுகிறோமா? பதினெட்டு வயதில் வந்த பையன் நாற்பது வயதுவரை அங்கேயே வெல்டிங் வைக்கிறான். எழுத்தும் இல்லை, தவணையும் இல்லை. வாயால் பேசாத இடத்தில் ஊர் வழக்கமே நிபந்தனையாக நிற்கும் என்று ஃபுகஹாக்கள் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்து வழக்கம் என்ன? தறிப்பட்டறையானாலும், சேகோ ஆலையானாலும், ஆளை நிறுத்தும்போது முதலாளி சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "இப்போ வீட்டுக்குப் போப்பா, வேலை வந்ததும் சொல்லி அனுப்புறேன்."

அந்தச் சகோதரரிடம் கேட்டேன்: "நீங்கள் அப்படிச் சொன்னீர்களா?" தலையைக் குனிந்துகொண்டு, "சொன்னேன்" என்றார்.

அது வாக்குறுதி, சகோதரர்களே! வாக்களித்து மாறுவதை நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த வார்த்தையை நம்பி ஒருவர் வேறு வேலை தேடாமல் இரண்டு மாதம் காத்திருந்திருப்பார். அவர் மனைவி கம்மலை அடகு வைத்திருப்பார். வாய்வார்த்தையை எந்த காஜியிடம் கொண்டுபோய் நிரூபிப்பது என்று கேட்கலாம். நிரூபிக்க முடியாமல் போகலாம். ஆனால் கொடுத்த வாக்கைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்று சூரத்துல் இஸ்ரா சொல்கிறது. அங்கே எழுத்துப் பத்திரம் கேட்கமாட்டார்கள்.

நாட்டுச் சட்டமும் இதைத் தொட்டிருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 25எச் என்றொரு பிரிவு இருந்தது. ஆட்குறைப்பில் போனவர்களுக்கு, மறுபடி ஆள் எடுக்கும்போது முன்னுரிமை தர வேண்டும் என்பது அதன் சாரமாக இருந்தது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ், ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்றது 25எஃப். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் முன்னுரிமை உண்டு. ஆனால் ஆட்குறைப்பு நடந்து ஓராண்டுக்குள் ஆள் எடுத்தால் மட்டும்தான். பதின்மூன்றாவது மாதம் பழைய ஆளை மறந்துவிடலாம் என்று சட்டம் விட்டாலும், நம் வாக்குக்கு அப்படி ஒரு கெடு வைத்தோமா?

சிலர் பழைய ஆளையே கூப்பிடுகிறார்கள், ஆனால் "புது ஆளாகச் சேர்ந்துகொள்" என்கிறார்கள். ஐந்து ஆண்டு நிறைந்தால் கிராஜுவிட்டி கொடுக்க வேண்டும் என்பதற்காக நான்காம் ஆண்டு கணக்கை உடைப்பவர்களும் உண்டு. நிறுத்தியதற்கு உண்மையான காரணம் இருந்தால் அது வேறு. கணக்கை உடைப்பதற்காகவே நிறுத்தினால், மக்களுக்குச் சேர வேண்டியதைக் குறைக்காதீர்கள் என்று ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்தை எச்சரித்த அதே குற்றம்தான். தராசில் மட்டுமா குறைக்க முடியும்? ஒருவருடைய வருடங்களிலும் குறைக்கலாம்.

நம் தமிழ்நாட்டின் மக்கள் நலப் பணியாளர்களைப் பாருங்கள். நம் சேலம், நாமக்கல் கிராமங்களிலும் இருந்தவர்கள்தான். 1989இல் நியமனம், 1991இல் நீக்கம். 1997இல் மறுபடி வேலை, 2001இல் மறுபடி நீக்கம். 2006இல் வேலை, 2011 நவம்பரில் நீக்கம். எந்த ஆட்சி சேர்த்தது, எந்த ஆட்சி நீக்கியது என்று மிம்பரில் நின்று பேசப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். 2022இல் அழைப்பு வந்தபோது, நூறு நாள் வேலைத் திட்டப் பணி ஒருங்கிணைப்பாளராக மாதம் 7,500 ரூபாய் என்றார்கள். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ஏற்றது. நீக்கப்பட்டபோது நாற்பது வயதாக இருந்தவருக்கு அழைப்பு வரும்போது ஐம்பத்தொன்று. திரும்ப அழைத்தது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இடையில் போன பதினொரு ஆண்டுகள் யார் கணக்கில்?

குகையில் அடைபட்ட மூவரின் சம்பவம் நீங்கள் கேட்டதுதான், புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. மூன்றாமவர் ஒரு முதலாளி. அவரிடம் வேலை பார்த்த ஒருவர் கூலியை வாங்காமல் போய்விட்டார். கூலி கொஞ்சம் தானியம்தான். முதலாளி அதை விதைத்துப் பெருக்கினார், அது கால்நடைகளாக ஆனது. நீண்ட காலம் கழித்து அந்த ஆள் வந்து கூலியைக் கேட்டபோது, இவையெல்லாம் உன்னுடையவை என்று காட்டினார். வந்தவர் தன்னைக் கேலி செய்கிறார் என்றே நினைத்தார்! பெருகியதை எல்லாம் கொடுப்பது கட்டாயமல்ல, அது அவருடைய பெருந்தன்மை என்று உலமாக்கள் விளக்குவார்கள். சரி. ஆனால் போனவர் போகட்டும் என்று அவர் கணக்கை மூடவில்லையே! உங்கள் பட்டறைக்கு இன்று இருக்கும் நல்ல பெயரில் அந்த ஏழு பேரின் கைவேலை எவ்வளவு கலந்திருக்கிறது?

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த பையன்மீது கோபப்படாதீர்கள். அவனும் ஒரு தாயின் பிள்ளை. ஏற்கெனவே சேர்த்துக்கொண்டிருந்தால், பழையவருக்காக அவனைத் துரத்துவது இன்னொரு அநியாயம்.

இப்போது அந்தக் காரணம். 2020 ஊரடங்கில் நான் வேறோர் ஊரில் இமாமாக இருந்தேன். பள்ளி பூட்டியிருந்தது, ஜும்ஆ வசூல் இல்லை. "திறந்ததும் கூப்பிடுகிறோம்" என்று சொல்லி நிர்வாகம் மோதினாரை வீட்டுக்கு அனுப்பியது. பதினாறு வருடம் பாங்கு சொன்னவர். பள்ளி திறந்தபோது இரண்டாயிரம் ரூபாய் குறைவாக ஒரு இளைஞர் கிடைத்தார். அவரை வைத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். என் வேலையும் போய்விடுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த இளைஞரின் பாங்குக்குத்தான் நான் தொழவைத்தேன்.

பட்டறைச் சகோதரர் எழுந்து போன அன்று இரவு அந்த மோதினாருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். ஒரு கோழிப் பண்ணையில் முட்டை எடுக்கும் வேலையில் இருக்கிறார். "விடுங்க ஹஜ்ரத்" என்றார். பிறகு, "இப்பவும் ஃபஜ்ருக்கு முன்னாடி முழிப்பு வந்துடுது" என்றார்.

பட்டறைச் சகோதரர் ஏழு பேரில் நான்கு பேரிடம் பேசிவிட்டதாக நேற்றுச் சொன்னார், பழைய கூலிக்கே. மீதி மூன்று பேரின் நம்பர் மாறிவிட்டதாம். யாருக்காவது தெரிந்தால் தொழுகைக்குப் பிறகு அவரிடம் சொல்லுங்கள்.