மூடிக்கு உள்ளே

ஜன்னலோரம் ஒரு ஊறுகாய் பாட்டில். அடியில் குளத்துச் சேறு. மேலே குளத்துத் தண்ணீர். கொஞ்சம் வேலம்பாசி. மூடி இறுகியிருக்கிறது.

கண்ணாடியைக் கடப்பது வெளிச்சமும் சூடும் மட்டும்.

*

வெயில் ஏறுகிறது. பாசியின் ஒடிந்த நுனியிலிருந்து குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக.

மேகம். குமிழிகளுக்கு இடையே நேரம் நீள்கிறது. அடுத்தது வரவில்லை.

*

நத்தை கண்ணாடியில் ஏறுகிறது. அதன் வாய் திறந்து மூடுவது இந்தப் பக்கம் தெரிகிறது. போன வழியில் பச்சைப் படலம் இல்லை.

கழிவு மெல்ல இறங்கிச் சேற்றில் படிகிறது. பாசியின் வேர் அங்கேதான்.

*

வெள்ளைப் புள்ளி ஒன்று. சைக்ளாப்ஸ் என்ற சிற்றுயிர். வாலின் இருபுறமும் முட்டைப் பை. துள்ளுகிறது. நிற்கிறது. துள்ளுகிறது.

*

1829, லண்டன். நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர், மூடிய பாட்டிலின் ஈர மண்ணில் ஒரு கூட்டுப்புழுவை வைத்துவிட்டு அந்துப்பூச்சிக்காகக் காத்திருக்கிறார். மண்ணிலிருந்து பெரணி முளைக்கிறது. கூடவே புல்.

பகலில் ஈரம் ஆவியாகிறது. கண்ணாடியில் படிகிறது. மண்ணுக்கே இறங்குகிறது. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இங்கும் பாட்டிலின் கழுத்தில் துளிகள். ஒன்று கனத்துப் பக்கத்துத் துளியைத் தொடுகிறது. இரண்டும் சேர்ந்து வழிகின்றன.

*

1991, அரிசோனா. பயோஸ்பியர் 2, அடைத்து மூடிய ஒரு சோதனைக் கூடம். கண்ணாடிக் கூரைக்குள் எட்டுப் பேர் நுழைகிறார்கள். மாதங்கள் போகப் போக ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 14 வரை இறங்குகிறது. மண்ணின் நுண்ணுயிர்கள் அதை எடுத்துக்கொள்கின்றன. அவை விடும் கரியமில வாயுவைக் கான்கிரீட் வாங்கிக்கொள்கிறது. செடிகள் வழியாக அது ஆக்சிஜனாகத் திரும்புவதில்லை. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்துகிறார்கள்.

கை மூடியின் பக்கம் போகிறது.

திரும்பி வருகிறது.

*

இரவு. டார்ச் வெளிச்சம். குமிழி இல்லை. பாசியும் இப்போது ஆக்சிஜன் எடுக்கிறது. நத்தைகள் நீர்மட்டத்துக்கு ஏறியிருக்கின்றன.

*

ஒரு நத்தை அசையவில்லை. ஓட்டின் வாயில் வெண்பூசணம். இன்னொன்று அதன்மேல் மேய்கிறது.

வருத்தம் வருகிறது. இருக்கிறது. போகிறது.

*

இலையடியில் நுங்குத் துணுக்கு போல ஒரு நத்தை முட்டைக் கொத்து. உள்ளே புள்ளிகள். ஒன்று அசைகிறதா? முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்குகிறது, வெளிப்பக்கம்.

*

இத்தனை குஞ்சுகளுக்கும் பாசி போதுமா? மனம் கணக்குப் போடுகிறது.

இன்று மேகமூட்டம்.