அந்தத் துகள் எங்கே இருந்தது?

என் அப்பா திண்டுக்கல்லில் மாங்காய்ப் பூட்டு செய்தவர். அரத்தால் ராவும்போது உதிரும் அரப்பொடி இரும்பிலேயே இருந்தது. சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் சுத்தியலால் நாலு தட்டு தட்டிவிட்டுத் தகட்டைத் தொட்டால் சுடும். அந்தச் சூடு தகட்டிலா இருந்தது?

போன மார்கழியில், சைவ சித்தாந்த வகுப்பில் ஓதுவார் ஐயா சற்காரிய வாதம் நடத்தியபோது இது ஞாபகம் வந்தது. இல்லாதது தோன்றாது, எள்ளில் இருப்பதால்தான் எண்ணெய் வருகிறது, மணலைப் பிழிந்தால் வராது என்றார். நான் கேட்டேன்: “ஐயா, நான் பார்த்த நட்சத்திரங்களில் அப்படி இல்லையே?”

ஆராய்ச்சி மாணவனாக நான் வருடக்கணக்கில் நுண்நோக்கியில் பார்த்தவை அவை. ஜெலட்டினில் வெள்ளி புரோமைடு மணிகள் பதிந்த போட்டோத் தகட்டில், அதிவேகத் துகள் ஒன்று வெள்ளிக் கருவையோ புரோமின் கருவையோ மோதினால், மோதிய புள்ளியிலிருந்து கோடுகள் சிதறும். அதைத்தான் நட்சத்திரம் என்போம். டார்ஜிலிங் மலையில் பிபா சௌத்ரியும் டி. எம். போஸும் இதே மாதிரித் தகடுகளை வைத்து மீசான் என்ற துகளைத் தேடினார்கள். போர்க்காலத்தில் நல்ல தகடு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1947இல் மேலான தகட்டில் பையான் என்ற மீசானைக் கண்ட செசில் பவலுக்கு 1950இல் நோபல் பரிசு. பிபாவின் பெயரை நான் ஒரு வருடம்கூட நான் எடுத்த வகுப்பில் சொல்லாமல் விட்டதில்லை.

கோடுகளில் கறுப்பானவை மெதுவாகப் போனவை. அடிபட்டுச் சூடேறிய கரு, நெல் அவிக்கும் அண்டா ஆவி விடுவதுபோல, புரோட்டானையும் ஆல்பாவையும் ஏறக்குறைய எல்லாத் திசைக்கும் விட்டுத் தணிகிறது. சாம்பல் நிறக் கோடுகள் பெரும்பாலும் மோதலிலேயே உதைபட்டு முன்னே ஓடிய புரோட்டான்கள். இரண்டும் அரப்பொடிதான், கருவுக்குள் இருந்தவை.

மெல்லிய கோடுகள்தான் என்னை உறங்கவிடாதவை. ஒளிவேகத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பாயும் இவற்றில் பெரும்பாலானவை பையான்கள். கருவைக் கட்டி வைக்கும் விசைக்குள் இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று யுகாவா 1935இல் சொன்னார். ஆகவே பையான் நுண்மையாக அங்கே இருந்தது என்று சித்தாந்தி வாதாடலாம். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் மோதும் துகளின் ஆற்றலைக் கூட்டக் கூட்ட, கறுப்புக் கோடுகள் ஓரளவுக்கு மேல் பெருகுவதில்லை. பையான்களோ பெருகிக்கொண்டே போகின்றன. அடிபட்டது அதே வெள்ளிக் கரு. இருப்பு உள்ளேயே இருந்திருந்தால், அடி வலுக்க வலுக்கக் கூடுவானேன்?

குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று படித்திருக்கிறோம். இங்கே சக்கரத்தின் சுழற்சியே குடமாகிறது. இதைத்தான் ஐயாவிடம் சொன்னேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “மண் மட்டும்தான் முதற்காரணமான மாயை என்று யார் சொன்னது? சக்கரமும் அதில் வந்ததுதானே” என்றார். அடித்ததையும் அடிபட்டதையும் ஒரே மூலத்தில் வைக்கும் அந்தப் பதிலைப் பாதிக்கு மேல் ஏற்கிறேன். ஆனால் இரண்டும் சந்திக்காமலே போயிருந்தால் அந்தப் பையான் எந்தக் கணக்கில் ‘உள்ளது’? இதற்கு அவரும் பதில் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

வீட்டில் அப்பாவின் பட்டறைக்கல் இன்னும் இருக்கிறது. அன்று இரவு ஒரு பழைய இரும்புத் தகட்டை அதில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு தடவை தட்டினேன். தகடு சுட்டது. சுத்தியலின் முகத்தையும் தொட்டுப் பார்த்தேன்.