கட்டி நிற்கும் படகு

படகு ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. ஆகவே, ஓடாத படகைக் காண்போர் அதனைப் பயனற்றது என எண்ணுவது இயல்பே. ஆயினும், நிற்கும் படகுகள் யாவும் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஒன்று மணலில் தரைதட்டி நிற்கும். மற்றொன்று கயிற்றால் கரையில் கட்டப்பட்டு நிற்கும். தொலைவிலிருந்து நோக்குவோருக்கு இரண்டும் அசையாப் படகுகளே. உள்ளே இருப்பவருக்குத்தான் ஒன்றில் கவலையும் மற்றொன்றில் அமைதியும் தெரியும். மனிதரின் ஓய்வைக் குறித்துச் சிந்திக்கும்போது இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து ஆலப்புழை சென்று, காயலில் ஒருநாள் படகுவீட்டில் தங்கிவருவது இன்று கொங்குநாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் ஆசையாக உள்ளது. அப்படகினைக் ‘கெட்டுவள்ளம்’ என்பர். கட்டிய வள்ளம் என்பது பொருள். ஆணி அடியாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் பிணைத்துக் கட்டுவதால் அப்பெயர் வந்தது. முன்னாளில் அது நெல்லும் பிற சரக்குகளும் சுமந்தது. ஓட்டியவர்கள் நாள்கணக்கில் அதிலேயே சமைத்து, உண்டு, உறங்கினர். சாலைகளும் லாரிகளும் பெருகியபின் அத்தொழில் நலிந்தது. 1990களில் அதே வள்ளங்கள் சுற்றுலாப் பயணியர் தங்கும் வீடுகளாகத் தொடங்கின. மாலையானதும் அவற்றைக் கரையில் கட்டிவிடுவது வழக்கம். இரவில் காயல் மீனவர் வலை விரிக்க வேண்டும் என்பது அதற்கொரு காரணம். ஒருவர் நிற்பதால் மற்றொருவர் பிழைக்க வழி பிறக்கிறது. ஆனால் அதே படகில், விருந்தினர் காற்று வாங்கி அமர்ந்திருக்கும் வேளையில், சமையற்காரர் பின்புற அடுப்பின்முன் வியர்த்து நிற்கிறார். அவருடைய ஓய்வுநாள் எது என்று கேட்போர் சிலரே.

இக்கேள்வி காயலோடு முடிவதன்று. நம் திருப்பூரில் எட்டு மணி நேர வேலை ஒரு ஷிப்டு. அதன்மேல் நான்கு மணி நேரம் சேர்ந்தால் ஒன்றரை ஷிப்டு. பனியன் கம்பெனிகளில் அந்த ஒன்றரையே பலருக்கு அன்றாட வழக்கமாயிற்று. சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம், ஞாயிறு விடுமுறை. ஆனால் கப்பலேற்றும் தேதி நெருங்கிவிட்டால் அந்த ஞாயிறும் பறிபோகும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஞாயிறை விடுமுறையாக வகுத்தது. அன்று வேலை வாங்கினால் அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாள்களுக்குள் மாற்று விடுமுறை தரவேண்டும் என்றும் விதித்தது.

ஆர்டர் இல்லாத மாதங்களில் விடுமுறை தாராளமாகக் கிடைக்கிறதே எனச் சிலர் கூறலாம். 2011 ஜனவரியில் நொய்யல் மாசினை முன்னிட்டு உயர்நீதிமன்றம் ஆணையிட, சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அந்நாள்களில் கைகள் ஓய்ந்திருந்தன, மனங்கள் ஓய்ந்திருக்கவில்லை. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு வேலையில்லா நாள் கூலியில்லா நாளே. அது தரைதட்டிய படகு. அதனை ஓய்வு என அழைப்பது முறையன்று.

திருநூலில் ஓய்வுநாள் கட்டளை இருமுறை வருகிறது. விடுதலைப் பயண நூல், கடவுள் படைப்பை முடித்து ஓய்ந்ததைக் காரணமாகக் காட்டுகிறது. இணைச்சட்ட நூலோ, எகிப்தில் நீ அடிமையாய் இருந்ததை நினைத்துக்கொள் என்கிறது. உன்னைப் போலவே உன் பணியாளரும் ஓய்வு பெறவேண்டும் எனக் காரணமும் கூறுகிறது. ஆக, என் ஓய்வு என்னோடு முடிவதன்று. எனக்குக் கீழ் உழைப்பவர் ஓய்வு பெறாதவரை அக்கட்டளையை நான் முழுமையாகக் கடைப்பிடித்தவன் ஆகேன்.

இங்கு வலுவான மறுப்பு ஒன்று எழுகிறது. ‘ஞாயிறன்றும் வேலை கொடுங்கள்’ எனத் தொழிலாளியே கேட்கிறாரே. பிள்ளையின் படிப்புக்கும் வீட்டு வாடகைக்கும் பணம் வேண்டுமே. தடுப்பது கொடுமை அல்லவா? அவர் கேட்பது உண்மை. ஆனால் ஆறுநாள் உழைப்பின் கூலி ஏழுநாள் வாழ்வுக்குப் போதாதபோது, அந்த வேண்டுகோளை விருப்பம் என்பதா, நெருக்கடி என்பதா? 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ தம் சுற்றுமடலில் இதற்கு விடை தந்துள்ளார். முதலாளியும் தொழிலாளியும் செய்யும் எந்த ஒப்பந்தத்திலும், வெளிப்படையாகச் சொல்லப்படாவிடினும், உடலுக்கும் ஆன்மாவுக்கும் உரிய ஓய்வு அடங்கியிருக்கிறது. அதனை விட்டுக்கொடுக்கும் உடன்பாடு நீதியாகாது என்பது அவர் கருத்து. எனவே, ஞாயிறு வேலையை மறுப்பதோடு நம் கடமை தீராது. ஆறுநாள் கூலியைப் போதுமானதாக்க வேண்டும்.

உண்ணவும் நேரமின்றி உழைத்த சீடரை இயேசு சற்று இளைப்பாற அழைத்தார். அவர்கள் படகேறித் தனியிடம் சென்றார்கள் என மாற்கு எழுதுகிறார். திங்கட்கிழமை மேலும் நன்றாக உழைக்கவேண்டும் என்பதற்காக அவர் அழைத்ததாக அங்குக் காணோம். களைத்தவர்மேல் கொண்ட பரிவே போதிய காரணமாயிருந்தது.

நம் இல்லங்களையும் இவ்வாறே நோக்குவோம். ஆறுநாளும் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்த பெண்ணுக்கு ஞாயிறு என்பது துணி துவைக்கும் நாள், தண்ணீர் பிடித்து நிரப்பும் நாள், கறி சமைக்கும் நாள். திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் கணவரும் பிள்ளைகளும் கட்டிலைத் தேடுகின்றனர். அவள் அடுக்களைக்குள் நுழைகிறாள். வருகின்ற ஞாயிறன்று குடும்பத்தார் அவ்வேலைகளைப் பகிர்ந்துகொண்டு, அவளை ஒரு பொழுதேனும் சும்மா அமரச் செய்யட்டும். கம்பெனி முதலாளியிடம் நாம் கேட்கும் நீதியை முதலில் நம் வீட்டில் வழங்கிப் பழகுவோம்.