விடுப்பும் அவசரமும்

வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களுக்குக் கிடைக்கும் ஆண்டு விடுப்பு, சட்டத்தின் நோக்கில் ஓய்வுக்கானது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓராண்டுப் பணி முடித்தவருக்கு அது 30 நாட்கள் என்றும், சவூதி அரேபியாவில் 21 நாட்களில் தொடங்கி ஒரே முதலாளியிடம் ஐந்தாண்டு நிறைந்தபின் 30 நாட்களாக உயரும் என்றும் அந்தந்த நாட்டுத் தொழிலாளர் சட்டங்கள் வகுத்துள்ளன. ஆனால் திருச்சி விமான நிலையத்தில் இறங்கிப் புதுக்கோட்டைக்கோ தஞ்சைக்கோ இராமநாதபுரத்துக்கோ போகும் ஒருவருக்கு அந்த நாட்கள் ஓய்வாக அமைவது அரிது. பார்க்க வேண்டிய உறவினர்களும் ஏறி இறங்க வேண்டிய அலுவலகங்களும் அவர் பெட்டி கட்டும் முன்பே வரிசைப்பட்டுவிடுகின்றன. வேலைக்கு எத்தனை நாள், உறவுக்கு எத்தனை நாள் என்று பங்கிடுவதுதான் சிக்கல் எனப் பலரும் கருதுகின்றனர். தமிழ்க் குடும்ப வாழ்வில் இவ்விரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடப்பதால் அந்தப் பங்கீடு முதல் வாரத்திலேயே குலைந்துவிடுகிறது. ஆராய வேண்டியது வேறொன்று: நாட்கள் குறைவு என்பதால் பிறக்கும் அவசரத்தின் சுமை யார் தலையில் இறங்குகிறது?

உறவினரைப் பார்க்கப் போவதிலேயே கடமையின் வரிசை ஒன்று இருக்கிறது. விடுப்பில் வந்தவர் ஊரில் இல்லாத காலத்தில் நேர்ந்த சாவுகளுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பது, அதாவது இறந்தவரின் வீட்டாருடன் சற்று நேரம் அமர்ந்து எப்படி நேர்ந்தது என்று கேட்டு அவர்கள் சொல்வதை முழுவதும் கேட்பது, பல ஊர்களில் மற்ற எல்லாப் போக்குவரத்துக்கும் முந்தியது. அங்கே விடைபெறும் சொல் எதுவும் சொல்லாமல் எழுந்து வருவதும், வந்து குளித்த பிறகே அடுத்த காரியத்தைத் தொடுவதும் வழக்கம். ஒரே நாளில் மூன்று துக்க வீடுகளையும் இரண்டு கல்யாண வீடுகளையும் வாடகைக் காரில் சுற்றி முடிக்க நினைப்பவர் இந்த வழக்கத்தை மூடப்பழக்கம் என்று எளிதில் தள்ளிவிடக்கூடும்; துக்கத்துக்கும் மகிழ்ச்சிக்கும் நடுவே மனத்துக்கு ஓர் இடைவெளி வேண்டும் என்ற நுண்ணிய அறிவு அதில் இருப்பதை அவசரம் மறைத்துவிடுகிறது. கணவனை இழந்து ஓராண்டான அத்தை, நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கும்போது வாசலில் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினால், அந்த விசாரிப்பு நடந்ததாகவே ஆகாது. தவறிப்போன கல்யாணங்களுக்கும் காதுகுத்துகளுக்கும் உரிய மொய்யை, அதாவது வீட்டார் முன்பு பெற்றதற்கு ஈடாகத் திருப்பிச் செய்ய வேண்டிய பணத்தை, பின்னால் கொடுத்தும் ஈடுகட்டலாம். துக்கத்தை அவ்வாறு ஈடுகட்ட முடிவதில்லை.

அலுவலக வேலைகளில் முதன்மையானவை பெற்றோரைச் சார்ந்தவை. தந்தையின் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கில் தாயின் பெயரையும் சேர்த்து, இருவரில் யாரும் இயக்கலாம், ஒருவர் மறைந்தால் மற்றவர் தொடரலாம் என்ற வகைக்கு மாற்றுவது அத்தகையது. ஓய்வூதியர் தாம் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் ஆயுள் சான்று மற்றொன்று. மத்திய அரசின் ஓய்வூதியர்கள் இதை நவம்பரில் அளிக்கின்றனர். 2014இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் திட்டம் இதை மின்னணு முறைக்குக் கொண்டுவந்தது. 2021இல் முகத்தை அடையாளம் காணும் வசதி சேர்ந்தபின் கைப்பேசியிலேயே முடித்துவிடலாம் என்றாயிற்று. விடுப்பில் வந்த மகன் இதைத் தன் கைப்பேசியில் செய்து காட்டிவிட்டு, அந்தக் கைப்பேசியோடு விமானம் ஏறிவிடுவதும் நடக்கிறது. ஆண்டு முழுவதும் மருத்துவமனைக்கும் நியாயவிலைக் கடைக்கும் பெற்றோருடன் போய்வருகிறவர், பெரும்பாலும், ஊரிலேயே தங்கிவிட்ட தம்பியோ பக்கத்து ஊரில் கட்டிக்கொடுக்கப்பட்ட தங்கையோதான். அவரிடம் கேட்காமல் செய்யப்படும் எந்த ஏற்பாடும், எவ்வளவு நல்ல எண்ணத்தில் பிறந்ததாயினும், அடுத்த மாதமே அவருக்குக் கூடுதல் வேலையாகிறது. வருகிறவர் செய்யத்தக்க முதல் வேலை, தங்கியிருப்பவரின் கையில் இருப்பவற்றுள் எதைத் தாம் வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்பதே. விடை சில வேளைகளில், அம்மாவோடு பத்து நாள் இரு, நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்வருகிறோம் என்பதாக இருக்கும்.

அவசரம் மிகக் கடுமையாக வெளிப்படுவது சொத்து பற்றிய வேலைகளில். தந்தை இறந்தபின் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று பெறுவதும், நிலத்தின்மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பார்ப்பதும், வருவாய்த் துறையின் உரிமைப் பதிவான பட்டாவை மாற்றுவதும் ஆவணங்கள் இருந்தால் நடக்கக்கூடியவை. சகோதரியிடம் விடுதலைப் பத்திரம் கேட்பது, அதாவது தம் பங்கை உடன்பிறந்தவருக்கு விட்டுக்கொடுத்ததாக அவர் சார்பதிவாளர் முன் கையெழுத்திடுமாறு கேட்பது, அந்த வரிசையில் சேராது. தமிழ்நாட்டில் 25.3.1989 முதல் நடைமுறைக்கு வந்த வாரிசுரிமைச் சட்டத் திருத்தம், அன்று மணமாகாதிருந்த இந்துப் பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் ஆண்மக்களுக்கு நிகரான பங்கைத் தந்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டை நீக்கியது. தந்தை அந்த ஆண்டில் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இசுலாமியக் குடும்பங்களில் மகளின் பங்கு மார்க்கச் சட்டத்திலேயே குறிக்கப்பட்டது. இத்தனை காலம் எடுத்து உறுதியான ஓர் உரிமையை, அண்ணன் அடுத்த வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறார் என்ற காரணத்துக்காக ஒரு பிற்பகலில் விட்டுக்கொடுக்கச் சொல்வது முறையன்று. அவர் கொண்டுவந்த புடவையும் பிள்ளைகளுக்கான மிட்டாயும் விரித்து வைக்கப்பட்ட கூடத்தில் அந்தப் பேச்சு எழும்போது, மறுப்பது பாசத்தை மறுப்பதாகத் தோன்றும் நிலைக்குச் சகோதரி தள்ளப்படுகிறார். மனமுவந்து விட்டுக்கொடுக்கும் பெண்கள் உண்டு, ஆயினும் அந்த மனத்தை அறிந்துகொள்ளக்கூட அத்தகைய சூழல் இடம் தருவதில்லை.

இந்த அவசரத்தைச் சட்டம் கோரவும் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில், தம் சார்பாக இன்னார் இன்ன செயலைச் செய்யலாம் என்ற அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்திட்டு ஊருக்கு அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்துசேர்ந்த மூன்று மாதங்களுக்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டால் போதும். சகோதரி தம் கணவரோடும் வளர்ந்த மக்களோடும் பேசி, வேண்டுமானால் தாமே ஒரு வழக்கறிஞரைக் கேட்டு, பங்கை வைத்துக்கொள்வதா, விற்பதா, விடுவதா என்று தீர்மானிக்க அடுத்த விடுப்பு வரையிலும் காலம் இருக்கிறது. அதுவரை பட்டாவை எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டாக வாங்கி வைத்துக்கொள்ளலாம்.